மலையில் இனிப்புப் புளிச் சட்னி ஏன் கசக்கிறது?

2023 நவம்பர் 5, ஞாயிறு. கொடைக்கானல் அருகே பெருமாள்மலையிலிருந்து ஒரு கேள்வி

அக்கா, தீபாவளிக்குப் பிள்ளைகள் பேல் பூரி கேட்கிறார்கள். அதற்கு ஊற்றும் இனிப்புப் புளிச் சட்னியை மூன்று முறை செய்துவிட்டேன். மூன்று முறையும் கசப்பு. மதுரையில் அம்மா இதே அளவில் செய்கிறார், தேன் போல வருகிறது. இங்கே மலைத் தண்ணீர்தான் காரணம் என்று பக்கத்து வீட்டு அம்மா அடித்துச் சொல்கிறார். கடையில் சோள மாவு கரைத்து ஊற்றுவதால்தான் கசப்பு தெரிவதில்லை என்றும் சொல்கிறார். உண்மையா?

அன்று இரவு

தண்ணீரைக் குறை சொல்லாதீர்கள். கொடைக்கானலில் இருபத்தாறு ஆண்டுகளாக இதே தண்ணீரில்தான் புளிக்குழம்பும் ரசமும் வைக்கிறேன், ஒரு நாளும் கசந்ததில்லை. பக்கத்து வீட்டு அம்மா சொல்வது தவறு.

சோள மாவு வேண்டவே வேண்டாம். அது பளபளப்பும் கெட்டியும் தரும், ருசியை மங்கவைக்கும். இரண்டாம் நாளே தண்ணீர் பிரிந்து, கலங்கிய கஞ்சி போல ஆகிவிடும். புளியும் வெல்லமும் பேரீச்சையும் சேர்ந்தாலே தேவையான கெட்டி தானாக வரும்.

எனக்கு வெல்லத்தின் மேல்தான் சந்தேகம். வெல்லப் பாகு அடியில் முறுகினால் கசக்கும். வெளிர் மஞ்சளாக மின்னும் வெல்லம் வாங்கியிருந்தாலும் சந்தேகம்தான். நிறத்துக்காக ஹைட்ரோஸ் என்ற வெளுக்கும் ரசாயனம் சேர்த்துக் காய்ச்சும் வழக்கம் உண்டு. கறுத்த வெல்லமாக வாங்குங்கள்.

என் அளவு இது. கொட்டை எடுத்த புளி 100 கிராம், வெல்லம் 200 கிராம், விதை நீக்கிய பேரீச்சை 100 கிராம், தண்ணீர் மொத்தம் 600 மில்லி. வறுத்துப் பொடித்த சீரகம் ஒரு தேக்கரண்டி, சுக்குப் பொடி அரை, மிளகாய்த் தூள் அரை, கறுப்பு உப்பு அரை. வெல்லத்தைத் தனியாகக் கரைத்து வடிகட்டுங்கள், மண் இல்லாத வெல்லத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துச் சிறு தீயில் கொதிக்கவிட்டு, பொடிகளைக் கடைசியில் போடுங்கள்.

2023 நவம்பர் 7

இரண்டு விஷயங்களை விட்டுவிட்டேன்.

முதலாவது பாத்திரம். அலுமினியச் சட்டியில் செய்யாதீர்கள். ஈயம் பூசாத பித்தளையும் கூடாது. குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தால் ஏன் பளிச்சென்று ஆகிறது? புளியின் அமிலம் மேல் களிம்பைக் கரைத்து எடுத்துவிடுகிறது. அதே வேலையைச் சட்டியிலும் செய்யும், கரைந்தது சட்னியில் இறங்கும். இரும்புச் சட்டியில் நிறம் கறுத்து, ஆணியை நக்கியது போல ஒரு ருசி வரும். அடி கனமான எவர்சில்வர் நல்லது. கல்சட்டி இருந்தால் அதைவிட நல்லது.

இரண்டாவது கறுப்பு உப்பு. நேற்று ஒருவர் எழுதியிருந்தார், கறுப்பு உப்புக்கு இந்துப்பு போட்டேன், கடை மணமே வரவில்லை என்று. இரண்டும் வேறு. இந்துப்பு வெறும் பாறை உப்பு, அதற்கு மணம் கிடையாது. கறுப்பு உப்பைப் பொடித்தால் இளஞ்சிவப்பாக இருக்கும், மூக்கருகே கொண்டுபோனால் அவித்த முட்டை வாடை அடிக்கும். அந்தக் கந்தக வாடைதான் சாட் வண்டிகளின் மணம். தனியாக முகர்ந்தால் முகம் சுளிக்கவைக்கும், புளியோடு சேர்ந்தால் மாறிவிடும்.

2023 நவம்பர் 9

பெருமாள்மலைத் தங்கச்சி பதில் எழுதியிருக்கிறார். வெல்லத்தை மாற்றினார், எவர்சில்வரில் செய்தார், தீயைக் குறைத்தார், மறுபடியும் கசப்பு. என் ஊகம் அங்கே பலிக்கவில்லை.

ஒரு கேள்வி. எங்கே கசக்கிறது? விழுங்கிய பிறகு தொண்டைப் பக்கம் நிற்கிறதா, அல்லது வாயில் வைத்ததும் கன்னத்தின் உள்பக்கம் வறண்டு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறதா? முதலாவது கசப்பு, பாகற்காயில் இருப்பது. இரண்டாவது துவர்ப்பு, பாக்கிலும் வாழைப்பூவிலும் மாதுளைத் தோலிலும் இருப்பது. அறுசுவை என்று ஆறு பெயர் வைத்திருக்கும் நாம், பிடிக்காதது எதுவானாலும் கசப்பு என்று சொல்லிவிடுகிறோம். ருசிக்குச் சரியான பெயர் சொன்னால்தான் காரணத்தைத் தேட முடியும்.

2023 நவம்பர் 9, மாலை

"பல்லெல்லாம் கூசுகிறது அக்கா, பாக்கு மென்றது போல வாய் வறள்கிறது" என்கிறார். துவர்ப்பேதான். இனி வெல்லத்தின் மேல் பழி இல்லை.

புளியை எப்படிக் கரைக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறேன்.

2023 நவம்பர் 10

கிடைத்துவிட்டது.

சந்தையில் வாங்கிய கொட்டைப்புளியை அப்படியே, கொட்டையும் கோதும் ஓட்டுத் துணுக்குமாகக் குக்கரில் போட்டு நான்கு விசில் விட்டிருக்கிறார். ஆறியதும் பிசைந்து வடிகட்டியிருக்கிறார். பார்க்க அருமையாக, கறுப்பாக, கெட்டியாகத்தான் இருந்திருக்கும்.

புளியங்கொட்டையின் பழுப்புத் தோலில் துவர்ப்புச் சத்து நிறைய இருக்கிறது. டானின் என்பார்களே, அதுதான். தேயிலையை அதிக நேரம் கொதிக்கவிட்டால் நாக்கில் ஒட்டுவதும் அந்த வகைதான். குளிர்ந்த நீரில் கொட்டை சும்மா கிடக்கும். குக்கரின் சூட்டில் நான்கு விசில் வரை வெந்தால் தோல் ஊறி, சாறெல்லாம் வெளியே வந்துவிடும்.

சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. இன்று காலை வீட்டிலேயே செய்து பார்த்தேன். ஒரே புளி, ஐம்பது ஐம்பது கிராமாக இரண்டு பங்கு. ஒன்றைக் கொட்டையோடு குக்கரில் வைத்தேன். இன்னொன்றில் கொட்டையையும் கோதையும் எடுத்துவிட்டு, கொதிக்கும் நீர் ஊற்றி மூடி வைத்தேன். இரண்டையும் வடிகட்டி, வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். குக்கர் புளி காபி டிகாக்‌ஷன் நிறம், ஓரத்தில் செம்மை. ஊறவைத்தது மரத்தூள் நிறம், கொஞ்சம் கலங்கல். ஒரு தேக்கரண்டி குக்கர் புளியை வாயில் வைத்தபோது முதலில் புளிப்பு, நாலைந்து நொடி கழித்துக் கன்னம் இரண்டும் உள்ளே இழுத்துக்கொண்டன. தண்ணீர் குடித்தும் போகவில்லை. மற்றதில் புளிப்பு வந்தது, போய்விட்டது. வெந்த கொட்டையைக் கிள்ளிப் பார்த்தேன், ஊறிய மொச்சையின் தோல் போல அதன் தோல் வழுக்கிக்கொண்டு வந்தது, விரல் நுனியில் பழுப்புக் கறை.

வெல்லத்தைப் பற்றி முதல் நாள் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். முறுகிய பாகு கசக்கும் என்பது உண்மை, ஆனால் இந்த வீட்டுக் கதை அதுவல்ல.

2023 நவம்பர் 10, இரவு

படுத்த பிறகு எழுந்து வந்து எழுதுகிறேன். இன்னொன்றையும் திரும்பப் பெற வேண்டியிருக்கிறது.

மதுரையில் அம்மா ஏன் குக்கரில் போடவில்லை? அங்கே குழாயைத் திறந்தாலே வெதுவெதுப்பாக வருகிறது. எலுமிச்சை அளவு புளியைப் போட்டுப் பத்து நிமிடம் கழித்துக் கையால் பிசைந்தால் கரைந்துவிடும். இங்கே நவம்பர் காலையில் குழாய்த் தண்ணீரில் கையை வைத்துப் பாருங்கள், விரல் மரத்துப்போகிறது. புளி களிமண் உருண்டை மாதிரி அப்படியே கிடக்கிறது. யாராக இருந்தாலும் குக்கரைத்தான் தேடுவார்கள்.

ஆக, மலைத் தண்ணீர்தான் காரணம் என்று சொன்ன அந்த அம்மா பாதிக்கு மேல் சரி. தண்ணீரில் கலந்திருப்பது எதுவும் காரணம் இல்லை, தண்ணீரின் குளிர்தான் காரணம். எடுத்த எடுப்பில் தவறு என்று எழுதிவிட்டேன். என் வருத்தத்தை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

2023 நவம்பர் 11

நாளை தீபாவளி. அவசரமாக வழிமுறை.

இன்று இரவே கொட்டை, கோது, ஓடு எல்லாம் பொறுக்கி எடுத்துவிடுங்கள். 100 கிராம் புளிக்குக் கொதிக்கும் நீர் 400 மில்லி. பேரீச்சையையும் அதிலேயே போடுங்கள். சூடு தாங்கும் ஹாட்பாக்ஸில் ஊற்றி மூடுங்கள். இல்லாவிட்டால் தூக்குப் பாத்திரத்தில் ஊற்றி, பழைய கம்பளியில் சுற்றி அடுப்படி மூலையில் வைத்துவிடுங்கள். காலையில் பிசையத் தேவையே இல்லை, சல்லடையில் ஊற்றிக் கரண்டியின் முதுகால் தேய்த்தால் இறங்கிவிடும். சக்கைக்கு இன்னும் 200 மில்லி வெந்நீர் விட்டு இரண்டாம் முறை எடுங்கள்.

கொட்டையைத் தூக்கி எறிய வேண்டாம். கழுவிக் காயவைத்தால் பிள்ளைகளுக்குப் பல்லாங்குழிக்கு ஆகும். ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கினால் தாயம் ஆடலாம்.

2023 நவம்பர் 14

சட்னி வந்துவிட்டது, துவர்ப்பு இல்லை, பிள்ளைகள் பேல் பூரிக்கு முன்பே கிண்ணத்தை வழித்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறார். இன்னொன்றும் எழுதியிருக்கிறார்: "அக்கா, என்னை நீ என்றே சொல்லுங்கள்." சரி, தங்கச்சி.

ஆனால் மிச்சம் பாட்டிலில் ஜவ்வு மிட்டாய் போல இறுகிவிட்டதாம், கரண்டி நிமிர்ந்து நிற்கிறதாம். அடுப்பில் இருந்தபோது தண்ணீராகத்தான் இருந்தது என்று சத்தியம் செய்கிறாள்.

இதைத்தான் நான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சமவெளிக் குறிப்பில் "கெட்டியாகும் வரை" என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் வீட்டில் ஆறிய சட்னி 30 டிகிரியில் இருக்கும். நம் வீட்டில் நவம்பர் இரவில் 12 டிகிரி. பாகு குளிரக் குளிர இறுகும். அடுப்பிலேயே அவர்கள் பதத்துக்குக் காய்ச்சிவிட்டால் நமக்கு அது கெட்டிப் பாகு.

இங்கே அடுப்பில் பார்த்துப் பதம் சொல்லவே கூடாது. அடுப்படியில் கிடக்கும் எவர்சில்வர் தட்டு எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். அதில் ஒரு சொட்டு விட்டு, அரை நிமிடம் பொறுத்து, விரலால் நடுவில் ஒரு கோடு இழு. கோடு உடனே மூடினால் இன்னும் கொதிக்கட்டும். மெல்ல, யோசித்து யோசித்து மூடினால் உடனே இறக்கு. மூடாமல் அப்படியே நின்றால் கை தவறிவிட்டது, வெந்நீர் விட்டுத் தளர்த்த வேண்டியதுதான். உன் பாட்டிலுக்கும் அதே வைத்தியம்: அரை தம்ளர் வெந்நீர், ஒரு கொதி.

2023 நவம்பர் 15

கூக்காலிலிருந்து ஓர் அண்ணன் கேட்கிறார், மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கிறதே, அப்படியானால் சட்னியும் சீக்கிரம் ஆகிவிடாதா என்று.

கொதி சீக்கிரம் வரும் அண்ணா, சூடு குறைவாக இருக்கும். ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு டிகிரி இறங்கும். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர், ஆகவே நம் தண்ணீர் 93 டிகிரியிலேயே குதிக்க ஆரம்பித்துவிடுகிறது. பருப்பு வேகாமல் முரண்டு பிடிப்பது இதனால்தான். பேரீச்சையும் அப்படித்தான், கொதிக்கவைத்துக் குழைப்பதைவிட இரவெல்லாம் ஊறவைப்பது மேல். பாகுக்கு வெப்பமானி வைத்துப் பார்ப்பவர்கள் புத்தக அளவில் ஏழு டிகிரி கழித்துக்கொள்ள வேண்டும். என்னிடம் வெப்பமானி இல்லை, தட்டுதான்.

2023 நவம்பர் 26, ஞாயிறு

சந்தைக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். மழை. இன்று நேரம் இருக்கிறது.

பேரீச்சை எதற்கு, வெல்லமே போதாதா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். போதும். ஆனால் வெல்லம் மட்டும் போட்டால் இனிப்பு முன்னால் வந்து நிற்கும், புளிப்பு பின்னால் தனியாக வரும். பேரீச்சையின் சதை நடுவில் நின்று இரண்டையும் பிடித்துக்கொள்கிறது. கெட்டியும் அதனால்தான் வருகிறது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு செய்தி. அரபு வணிகர்கள் புளிக்கு வைத்த பெயர் தமர் ஹிந்தி, அதாவது இந்தியப் பேரீச்சை. ஆங்கிலத்தில் டாமரிண்ட் என்று ஆனதும் அதிலிருந்துதான். மரத்தின் பூர்வீகமோ ஆப்பிரிக்கா. இந்தியா வழியாகப் போனதால் அவர்களுக்கு இந்தியப் பேரீச்சை ஆகிவிட்டது. பேரீச்சையையும் "இந்தியப் பேரீச்சை"யையும் ஒரே சட்டியில் போட்டு நாம் கிண்டுகிறோம்.

வடக்கே இதற்குச் சோண்ட் என்றும் பெயர் உண்டு. சோண்ட் என்றால் சுக்கு. பெயரே சுக்கில் இருக்கும்போது, சுக்கு இல்லை என்று பச்சை இஞ்சி தட்டிப் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. இஞ்சியின் காரம் நாக்கு நுனியைச் சுடும். சுக்கின் காரம் தொண்டையில் இறங்கி நெஞ்சில் நிற்கும். இந்தக் குளிருக்கு அதுதான் வேண்டும்.

மலைப்பூண்டு சேர்க்கலாமா என்று பூம்பாறைக்காரர் ஒருவர். நம் பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமைதான். இருந்தாலும் இந்தச் சட்னியில் வேண்டாம். ஒருமுறை நான்கு பல் போட்டேன். பூண்டு மற்ற எல்லாவற்றின் மேலும் ஏறி உட்கார்ந்துகொண்டது. அதற்குத் தனியாக மிளகாய்ப் பூண்டுச் சட்னி அரைத்துப் பக்கத்தில் வையுங்கள், பேல் பூரிக்கு அதுவும் வேண்டும்.

2024 ஜனவரி 28

தைப்பூசத்துக்குப் பழனி போய்விட்டு வந்தோம். திரும்பும்போது நெய்க்காரப்பட்டியில் இறங்கி உருண்டை வெல்லம் ஐந்து கிலோ வாங்கினேன். உடைத்தால் உள்ளே ஈரமாக, மண் நிறத்தில், கரும்பு வாசனை. நாக்கில் வைத்தால் இனிப்புக்குப் பின்னால் துளி உப்பு.

இந்த வெல்லத்தில் செய்யும்போது கறுப்பு உப்பைக் கால் தேக்கரண்டியாகக் குறைத்தேன். நவம்பரில் அரை என்று எழுதியிருந்தேன், அது கடை வெல்லத்துக்கு. வெல்லத்தைக் கடித்துப் பார்த்துவிட்டு உப்பை முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று. வெல்லத்தைப் புளியோடு சேர்த்தே பத்து நிமிடமாவது கொதிக்கவிடுங்கள். புளிப்பு சேர்ந்து கொதித்த சர்க்கரை, பிறகு கல்கண்டு போல் மணி கட்டாது. தனிப் பாகு காய்ச்சிக் கடைசியில் ஊற்றினால் சில வாரங்களில் பாட்டில் அடியில் மணி மணியாக இறங்கும்.

பழனியில் பஞ்சாமிர்தம் வாங்கியபோது இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். வாழைப்பழம், பேரீச்சை, சர்க்கரை, நெய், ஏலக்காய் எல்லாம் சேர்த்துப் பிசைகிறார்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பதில்லை. குளிர்பெட்டி இல்லாமல் நாள்கணக்கில் நிற்கிறது. நம் சட்னியில் தண்ணீர் இருக்கிறது, அதைச் சுண்டவைத்தால்தான் நிற்கும்.

2024 மார்ச் 10

வத்தலக்குண்டில் என் தங்கை வீட்டுக் களத்தில் புதுப்புளி. இரண்டு நாள் இருந்து கொட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, நான்கு கிலோ வாங்கி வந்தேன். நம் மலை மேல் புளியமரம் கிடையாது, குளிர் அதற்கு ஆகாது. மலைப்பாதையில் பஸ் இறங்கி, காற்று சூடாக மாறி, சாலை ஓரத்தில் அந்த மரங்கள் வரிசையாகத் தெரிய ஆரம்பித்தால்தான் எனக்கு ஊர் வந்த நினைப்பு வரும்.

புதுப்புளியில் சட்னி செய்தேன். அதே 100 கிராம், அதே 200 வெல்லம். வீட்டில் ஒருவரும் இரண்டாம் முறை தொடவில்லை, அவ்வளவு புளிப்பு. நிறமும் செங்கல் பொடி போல வெளிறி இருந்தது.

பழம்புளி கறுத்து, புளிப்பு தணிந்து, ஒரு கருகல் இனிப்போடு இருக்கும். புதுப்புளி குத்தும். என் அளவு முழுக்கப் பழம்புளிக்கானது என்று எழுதாமல் விட்டது என் தவறு. புதுப்புளியானால் 70 கிராம் போதும், அல்லது வெல்லத்தை 260 ஆக்குங்கள். நான் முதலாவதைச் செய்வேன். நிறம் வேண்டுமென்றால் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள்.

எச்சரிக்கை: வீட்டில் பானையில் அழுத்திவைக்கும் புளிக்குக் கல் உப்பு தூவித்தான் வைக்கிறோம். தங்கை வீட்டுப் பழம்புளியில் செய்தபோது நான் தனி உப்பே போடவில்லை, சரியாக இருந்தது.

2024 மார்ச் 12

தங்கச்சி கேட்கிறாள், கொட்டை எடுத்து விற்கும் பூப்புளி வாங்கிவிட்டால் துவர்ப்புப் பயமே இல்லையா என்று. பெரும்பாலும் இல்லை. ஆனால் பாக்கெட்டைப் பிரித்துக் கையால் ஒருமுறை தடவிப் பார். நான் சென்ற வாரம் பிரித்த அரைக் கிலோவில் பதினொரு கொட்டை இருந்தது.

2024 ஏப்ரல் 21

தவறான செய்தி ஒன்றைத் திருத்த வேண்டும்.

ஜனவரியில் போட்ட சட்னியில் கடைசிக் கரண்டி வழிக்கும்போது நறநறவென்று பல்லில் பட்டது. வெல்ல மண்தான், சரியாக வடிகட்டவில்லை என்று வீட்டில் என்னைத்தான் சொன்னார்கள். நானும் இரண்டு பேருக்கு அப்படியே பதில் எழுதிவிட்டேன்.

நேற்று அந்த மணிகளைத் தனியாக எடுத்துக் கழுவிக் கறுப்புத் துணியில் பரப்பிப் பார்த்தேன். மண் இப்படி இருக்காது. வெயிலில் மினுக்கின, முனைகள் கூர்மையாக இருந்தன. ஒன்றை நாக்கில் வைத்தேன். இனிப்பு இல்லை, ஆகவே சர்க்கரையும் இல்லை. மெல்லிய புளிப்பு. குளிர்ந்த நீரில் போட்டால் அடியில் கிடந்தது. வெந்நீரில் போட்டுக் கலக்கினேன், காணாமல் போய்விட்டது. மண் எந்த வெந்நீரிலும் கரையாது.

புளியின் முக்கிய அமிலம் டார்டாரிக். அதன் பொட்டாசியம் உப்பும் புளியிலேயே இருக்கிறது. சூட்டில் கரைந்திருக்கும், குளிரில் வெளியே வந்து படியும். கேக் செய்பவர்கள் வாங்கும் கிரீம் ஆஃப் டார்ட்டர் அதே பொருள்தான். மார்கழி, தை மாதங்கள் முழுக்க எங்கள் அலமாரி குளிர்பெட்டி போலத்தான் இருக்கும். அங்கே மூன்று மாதம் நின்ற பாட்டிலில் படிந்ததில் வியப்பில்லை. கெடுதல் இல்லை. பாட்டிலை வெந்நீரில் நிறுத்திக் கலக்கினால் கரைந்துவிடும்.

பாட்டில் என்றதும் இன்னொன்று. தகர மூடி போடாதீர்கள். மூடியின் உள்பக்கம் பூச்சு விட்ட இடத்தில் துரு பிடித்து, சொட்டுச் சொட்டாகச் சட்னியில் இறங்கியிருந்தது. ஒரு பாட்டிலை அப்படியே கொட்ட வேண்டியதாயிற்று. கண்ணாடி மூடி, அல்லது நல்ல பிளாஸ்டிக் மூடி. மூடுபனி நாட்களில் ஈரக் கரண்டி பட்டால் மூன்றாம் நாள் மேலே வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். வழித்து எறிந்துவிட்டுச் சாப்பிடலாமா என்று கேட்காதீர்கள், முழுதையும் கொட்டுங்கள்.

2024 மே 19

சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் (இணைய அனுமதிச் சீட்டு) தொடங்கிய பிறகு ஊர் கொஞ்சம் மூச்சுவிடுகிறது. சந்தையில் பிளம்ஸ் வந்துவிட்டது.

பண்ணைக்காட்டிலிருந்து ஒரு தம்பி, பேரீச்சைக்குப் பதில் மலைவாழைப்பழம் போட்டதாக எழுதியிருக்கிறார். மணம் தூக்கலாக இருந்ததாம், நான்காம் நாள் நுரைத்துவிட்டதாம். நுரைக்கத்தான் செய்யும் தம்பி. பேரீச்சை காய்ந்த பழம், வாழை ஈரப் பழம். அன்றன்றைக்குச் செய்து அன்றே தீர்ப்பதானால் போடுங்கள்.

எனக்குப் பிளம்ஸ் போட்டுப் பார்க்க ஆசை.

2024 மே 26

செய்துவிட்டேன். நன்கு பழுத்த பிளம்ஸ் 300 கிராம், புளி 50 கிராம், வெல்லம் 200, பேரீச்சை 50. பிளம்ஸைத் தோலோடு வேகவைத்து, கொட்டையை எடுத்துவிட்டுச் சல்லடையில் தேய்த்தேன். கொதிக்கும்போது நுரை இளஞ்சிவப்பாகப் பொங்கியது, எடுத்துக்கொண்டே இருந்தேன். நிறம் நாவல்பழச் சாறு போல வந்திருக்கிறது.

ருசியில் ஒரு குறை. பிளம்ஸின் புளிப்பு மேலோட்டமானது, வாயில் பட்டுவிட்டு ஓடிவிடுகிறது. 50 கிராம் புளி அதற்கு அடி கொடுக்கிறது, அதையும் எடுத்துவிட்டால் வெறும் ஜாம் ஆகிவிடும். தோலில் லேசான துவர்ப்பு இருக்கிறது, இந்த அளவு எனக்குப் பிடித்திருக்கிறது. நவம்பரில் துவர்ப்பை விரட்டச் சொன்ன நான்தான் இதையும் எழுதுகிறேன். கன்னத்தை இழுக்கும் துவர்ப்பு வேறு, நாக்கைத் தொட்டு எழுப்பும் துவர்ப்பு வேறு.

2024 ஜூன் 2

பிளம்ஸ் சட்னிக்குச் சீரகம் பாதி போதும் என்று தோன்றுகிறது. சுக்கு அதே அளவு.

2024 ஜூன் 9

பெருமாள்மலையிலிருந்து கடிதம். தங்கச்சி இப்போது மாதம் ஒருமுறை செய்கிறாளாம், கம்பளி சுற்றிய தூக்குப் பாத்திரத்துக்கு அடுப்படியில் நிரந்தர மூலை வந்துவிட்டதாம். மதுரை அம்மா மே மாதம் வந்திருந்தபோது பார்த்துவிட்டு, இது என்ன பாத்திரத்துக்குச் சட்டை போட்டிருக்கிறாய் என்று கேட்டாராம். ஊருக்குப் போகும்போது அரை பாட்டில் எடுத்துப் போயிருக்கிறார்.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்து, என் வருத்தத்தையும் சொல்லியிருக்கிறாள். அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்து, கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, "நன்றாகத்தான் இருக்கிறது, புளிப்பு போதவில்லை" என்றாராம்.

நான் கேட்டு எழுதினேன், எந்தப் புளி? மார்ச்சில் நான் எழுதியதைப் படித்துவிட்டு 70 கிராமாகக் குறைத்திருக்கிறாள். ஆனால் வீட்டில் இருந்தது சென்ற ஆண்டுப் புளி. அந்த அம்மாவின் நாக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. பழம்புளிக்கு 100 கிராமுக்கே திரும்பு, தங்கச்சி. அவருக்கு என்று தனியாக எடுத்துவைக்கும் கிண்ணத்தில் கடைசியாக ஒரு கரண்டி புளிக்கரைசல் கூடுதலாக விட்டு ஒரு கொதி கொதிக்கவிட்டுக் கொடு.